ஆளில்லாத நேரம்

எலி கடித்துப் போட்ட ஒயரைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது முதலில் உறுத்துவது, அதில் பசி தெரியாததுதான். செம்புக் கம்பி பளிச்சென்று வெளியே நிற்கிறது. அதைப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறை துணுக்குத் துணுக்காக எஞ்சினுக்கு அடியிலேயே கொட்டிக் கிடக்கிறது. கடித்தது எதுவும் வயிற்றுக்குப் போகவில்லை. எலியின் வாய் அதற்கேற்ற வாய். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத நீண்ட இடைவெளி இருக்கிறது. கொறிக்கும்போது உதட்டோரத்தை அந்த இடைவெளிக்குள் இழுத்து, பற்களை வெளியே விட்டு, பின்னால் வாயை அடைத்துக்கொள்ள அதனால் முடியும். முன்பற்கள் நான்கும் சாகும்வரை வளர்பவை, வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். முன்புறத்தில் மட்டும் இரும்பேறி ஆரஞ்சு மஞ்சளாகக் கெட்டிப்பட்ட எனாமல் இருக்கிறது. பின்புறம் அவ்வளவு கெட்டியில்லை, முந்தித் தேய்கிறது, அதனால் நுனி மழுங்குவதே இல்லை. பல் வளர்ந்து வாயைக் குத்திவிடும் என்பதற்காகத்தான் கண்டதையும் கடிக்கிறது என்று சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசியே தேய்ந்துவிடும்; அதற்குக் காரின் ஒயர் வேண்டியதில்லை. உறையில் சோயா கலப்பதால்தான் எலி வருகிறது என்று அமெரிக்காவில் கார் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். சோயா வருவதற்கு வெகுகாலம் முன்பே எலி ஒயரைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த வழக்குகளைப் பற்றிப் படித்தபோது, பசி என்று ஒரு காரணம் கிடைத்தால் மனம் எவ்வளவு சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று தோன்றியது. பசித்த வாய் எடுத்துத் தின்றது என்றால் நமக்குப் புரியும். தின்னாமல் கடித்துப் போட்டுவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. கொறிப்பது என்பது எலிக்கு வழி திறப்பது, கூட்டுக்கு மெத்தை சேர்ப்பது, எதிர்ப்பட்ட பொருள் என்னவென்று அறிவது. குடியேறும் வேலை அது. ஒயர் அந்த வேலைக்குக் குறுக்கே இருந்திருக்கிறது. நம் காரை அது கார் என்று எண்ணவேயில்லை என்பதிலிருந்து என் நிம்மதிக்குறைவு தொடங்குகிறது.

என்னவாக எண்ணுகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். சென்னையில் தூண்கள் மேல் நிற்கும் அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்துக்கு இரவில் இறங்கிப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். டியூப்லைட் ஒன்று விட்டு விட்டு எரியும். மோட்டார் ரூம் பக்கம் ஈரம். செப்டிக் டேங்க் மூடியோரம் ஒரு வாடை. காற்று இறங்கிய சைக்கிள்கள், யாரோ வீடு மாற்றியபோது விட்டுப்போன தெர்மகோல், குப்பைத் தொட்டிக்கு வெளியே விழுந்த முட்டை ஓடு. எலி வெட்டவெளியைக் கடக்க விரும்பாது. மீசை சுவரில் உரச, சுவரை ஒட்டியே ஓடும். தினமும் ஓடும் தடத்தில் அதன் உடம்புப் பிசுக்கு படிந்து சுவரடியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கண் அதைத்தான் தேடுகிறது. கோடு முடிகிற இடத்திலிருந்து ஒரு தாவலில் டயர். டயரிலிருந்து சஸ்பென்ஷன், அங்கிருந்து எஞ்சின். அதற்கும் மேலே, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு அடியில், வெளிக்காற்று ஏ.சி.க்குள் நுழையும் வாய். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் சந்து போதும். பென்சில் நுழைகிற இடத்தில் அதுவும் நுழைந்துவிடும். வீட்டெலிக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். காரின் அடிப்புறத்தில் அந்த அளவு திறப்புகளுக்குக் குறைவில்லை. எஞ்சினின் கதகதப்புக்காக எலி வருகிறது என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்ததை நாமும் திருப்பிச் சொல்கிறோம். மே மாதத்துச் சென்னையில் எந்த உயிருக்கும் கதகதப்பு வேண்டியிருக்காது. இங்கே எலியை மேலே ஏற்றுவது தண்ணீர். வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும், ஏரியாகவும் ஏரிக்கரையாகவும் இருந்த நிலங்களில், ஐப்பசி அடைமழையில் முதலில் நிரம்புவது மண்ணுக்குள் இருக்கும் வளைகளும் மழைநீர் வடிகாலும்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் மனிதர்கள் மேல்மாடிக்கு ஏறினார்கள். அந்த அளவுக்குப் போகாத சாதாரண மழைநாட்களில், கணுக்கால் தண்ணீர் நிற்கும் கார் நிறுத்துமிடத்தில், எலிக்குக் கிடைக்கும் முதல் உலர்ந்த அறை பானட்டுக்கு உள்ளே இருக்கிறது. கூரை உண்டு, எல்லாப் பக்கமும் மறைவு உண்டு, கூரையின் உட்புறத்தில் பிய்த்தெடுக்கத் தோதாகப் பஞ்சுத் தடுக்கும் உண்டு. அதைவிட முக்கியமானது, அங்கே ஆள் வருவதில்லை.

கார் நிறுத்துவதைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய நூல் எழுதி 2005-இல் வெளியிட்டவர் டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர். சராசரியாக ஒரு கார் 95 சதவீத நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்பது அவர் திரும்பத் திரும்ப நினைவூட்டிய கணக்கு. நகரத்தின் நிலம் எப்படி வீணாகிறது என்று காட்டுவதற்காக அவர் அதைச் சொன்னார். எனக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. தவணை கட்டி வாங்கி, கோயில் வாசலில் மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்துவந்த வண்டிக்குள் நாளில் ஒரு மணி நேரம் இருக்கிறோம். மிச்ச இருபத்துமூன்று மணி நேரமும் அது பூட்டிய ஒரு வெற்றிடம். பத்திரம் நம் பெயரில் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஓரிடத்தில் தங்குவது, அதன் மூலைமுடுக்கை இருட்டில் மீசையால் அறிவது, அங்கே குட்டி போடுவது என்று பார்த்தால் அந்த இருபத்துமூன்று மணி நேரத்தில் காரோடு உறவு வைத்திருப்பது நாமல்ல. எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய துணியில் வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தேங்காய்ச் சில்லு, கோழி எலும்பு, காய்ந்த சப்பாத்தி, சாமந்தியின் நார், நூல் நூலாகக் கிழித்த டிஷ்யூ பேப்பர். சூடான ரப்பர் வாசனையும் எலி மூத்திரத்தின் காரமும் கலந்து மூக்கில் ஏறியது. அவருக்குக் கோபமே இல்லை. "சாப்பாடெல்லாம் வெளியில சார், இங்க வெறும் தங்கறதுதான்" என்றார். ஆக, காரில் தின்ன ஒன்றும் இல்லாமல் சுத்தமாக வைத்துக்கொண்டால் எலி வராது என்பதும் பாதிதான் உண்மை. தீனி குப்பைத் தொட்டியில் கிடைத்துவிடுகிறது. காரிடம் அது கேட்பது தனிமை ஒன்றைத்தான்.

எலியை விரட்ட நாம் வாங்கும் பொருள்களை இந்த வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கியதிலிருந்தே என் மனதில் இந்தக் கட்டுரை உருண்டுகொண்டே இருக்கிறது. துணியில் முடிந்து எஞ்சின் பக்கம் கட்டும் புகையிலை, பாச்சா உருண்டை, பினாயிலில் நனைத்த துணி, வேப்பெண்ணெய், புதினா வாசனையில் வரும் ஸ்ப்ரே, பேட்டரியோடு இணைக்கும் அல்ட்ராசோனிக் பெட்டி. ஒவ்வொன்றும் அங்கே இல்லாத ஓர் ஆளுக்குப் பதிலாக நிற்கிறது. ஆள் நடமாட்டத்துக்கு ஒரு வாசனை உண்டு, சத்தம் உண்டு, வெளிச்சம் உண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் புட்டியிலும் பெட்டியிலும் அடைத்து, நாம் மேலே தூங்கும்போது நமக்காகக் கீழே காவல் இருக்கச் சொல்கிறோம். முதல் சில இரவுகள் இவை எல்லாமே வேலை செய்யும். எலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கிப்போகும் பிராணி. எலிகளின் நடத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த எஸ். ஏ. பார்னெட் இந்தக் கூச்சத்தை விரிவாக எழுதியிருக்கிறார். புகையிலையை அது வெறுக்கிறதோ இல்லையோ, நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறது என்பதே அதைத் தள்ளி நிறுத்தும். அதனால்தான் எந்த வைத்தியத்தைச் சொன்னாலும் அதனால் பலன் கண்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வதும் பொய்யல்ல. பிறகு அந்த வாசனைக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்று எலி தெரிந்துகொள்கிறது. அல்ட்ராசோனிக் ஒலிக்கு இன்னொரு குறையும் உண்டு, எஞ்சின் மாதிரி அடைசலான இடத்தில் அது ஒரு தகட்டைக்கூடத் தாண்டாது. இப்படிப்பட்ட கருவிகளை விற்ற நிறுவனங்களிடம், ஆதாரம் இருந்தால் மட்டும் விளம்பரம் செய்யுங்கள் என்று அமெரிக்க வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-இல் எச்சரித்தது. ஹோண்டா நிறுவனம் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பை ஒயரில் சுற்றுவதற்கென்றே விற்கிறது. வாங்கும் பொருள்களில் அதை மட்டும் கொஞ்சம் நேர்மையானது என்பேன். தொலைவிலிருந்து மிரட்டாமல் பல் படும் இடத்திலேயே காத்திருக்கிறது. ஆனால் அதுவும் சுற்றிய இடத்தைத்தான் காக்கும். குடியிருப்பைத் தடுக்காது.

எலி கற்றுக்கொள்ளும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். 2019-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி லாம்பர்ட்டின் குழு எலிகளுக்குக் கார் ஓட்டவே கற்றுக்கொடுத்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பா, அடியில் அலுமினியத் தகடு, முன்னால் மூன்று செம்புக் கம்பிகள். எலி கம்பியைப் பிடித்ததும் மின்சுற்று பூர்த்தியாகி வண்டி நகரும். இடக் கம்பிக்கு இடம், வலக் கம்பிக்கு வலம். போய்ச் சேர்ந்தால் இனிப்புத் தானிய வளையம் ஒன்று. ஏறி விளையாடவும் கிளறிப் பார்க்கவும் பொருள்கள் நிறைந்த கூண்டில் வளர்ந்தவை, வெறும் கூண்டில் வளர்ந்தவற்றைவிட நன்றாக ஓட்டப் பழகின. வேடிக்கைச் செய்தியாக இது உலகெங்கும் சுற்றியது. எனக்கு அந்தச் செம்புக் கம்பிதான் மனதில் தங்கியது. ஓரிடத்தில் எலி உறையைக் கிழித்து வெளிக்கொண்டுவந்து விட்டுப்போன அதே உலோகம், இன்னோரிடத்தில் அதன் கைக்குக் கிடைத்தபோது திசையாகிவிட்டது. இத்தனை கற்கக்கூடிய ஓர் உயிரிடம் பாச்சா உருண்டையின் பொய் எத்தனை நாள் செல்லும்? அதற்கு நினைவும் உண்டு, அதைவிட விசித்திரமாக, வெளியே எழுதிவைக்கும் வழக்கமும் உண்டு. சுண்டெலியின் சிறுநீரில் உள்ள சில புரதங்கள் வாசனை மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவிக்கின்றன. எலி போய்விட்ட பிறகும் அது இருந்த செய்தி அங்கே படிக்கக் கிடைக்கிறது. ஜெர்மனியில் காரின் ரப்பர் குழாயையும் ஒயரையும் கடிப்பது கீரியளவில் இருக்கும் மார்ட்டன் என்ற பிராணி. தன் எல்லைக்குள் வந்து நிற்கும் காரில் வேறொரு மார்ட்டனின் வாசனை இருந்தால் அது வெகுண்டு கடித்துக் குதறுமாம். அங்கே கார்க் காப்பீட்டுப் பத்திரங்களில் மார்ட்டன் கடிக்குத் தனியே இடமுண்டு. ஒரு தெருவில் படுத்துப்போன பிராணியின் வாசனையை, தெரியாமலே, இன்னொரு தெருவின் பிராணியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் காரின் சொந்தக்காரர். எலி தங்கிய எஞ்சினையும் அதனால்தான் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடைக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் வற்புறுத்துகிறார்கள். கூட்டை எடுத்துப் போட்டுவிட்டு வாசனையை விட்டுவைத்தால், அறை காலி என்று நாமே பலகை மாட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

விஷத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் என் கவலை அங்கேதான் போய் நிற்கிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் புதுத் தீனியைக் கொஞ்சம்போலக் கொறித்துப் பார்க்கும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் மறுபடி அந்தப் பக்கம் போகாது. இந்த எச்சரிக்கையை மனிதர்கள் தாமதத்தால் வென்றார்கள். 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி விஷமாகச் சந்தைக்கு வந்தது. தின்ற அன்று எலிக்கு ஒன்றும் ஆகாது. சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். எதைத் தின்றதால் செத்தது என்று அதற்கும் தெரியாது, கூட இருந்தவற்றுக்கும் தெரியாது. இன்று கடையில் கட்டியாகக் கிடைக்கும் புரோமடியலோன் அதே வழிவந்த, இன்னும் வலுவான பொருள். வார்ஃபரின் பின்னால் மனிதர்களுக்கும் மருந்தானது. இதய வால்வு மாற்றிக்கொண்ட என் பெரியப்பா அதைச் சாயங்காலம் தோறும் விழுங்கி வந்தார். ரத்தம் உறையும் வேகத்தை அடிக்கடி பரிசோதித்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார்கள். கீரையை அளவாகச் சாப்பிடச் சொல்வார்கள். முகச்சவரத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் பெரியம்மா பதறிப்போவாள். அந்த ஒரு மாத்திரையைச் சுற்றி வீடே விழித்திருந்தது. அதே வகைச் சரக்கைத் தூணோரம் வைத்துவிட்டு நாம் லிஃப்டில் ஏறி வந்துவிடுகிறோம். சாவை நாம் பார்க்கவேண்டியதில்லை என்பதுதான் அதன் விலையில் அடங்கியிருக்கிறது. செத்ததைத் தேடி எடுப்பது வாட்ச்மேன். அவருக்கும் அகப்படாமல் ஏ.சி.யின் காற்றுக் குழாய்க்குள் போய் ஒன்று செத்துவிட்டால், அந்த நாற்றம் நாள்கணக்கில் காரின் இருக்கைத் துணியில் குடியிருக்கும். தள்ளாடி வெளியே வருவதைக் கூகை பிடித்தால் விஷம் கூகைக்கும் போகிறது. எலியை உண்மையாகவே குறைக்கக்கூடிய ஓர் இரவுக் காவலையும் அப்படி இழக்கிறோம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. அது மனிதரின் கல்லீரலை அழிப்பது, அதற்கு மாற்று மருந்து கிடையாது, தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அதனால் போன உயிர்கள் நிறைய. காரின் ஒயருக்காக அப்படி ஒன்றை ஒரு வீட்டுக்குள் கொண்டுவருவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது.

பசை அட்டையும் அப்படித்தான். இங்கிலாந்து 2022-இல் அதற்கெதிராகச் சட்டமே இயற்றியது. இந்திய விலங்கு நல வாரியமும் அதை எதிர்த்து மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பல கடைகளில் அது இன்னும் தொங்குகிறது. அதில் விடிய விடியக் கத்திச் சாவது பல நேரம் எலிகூட இல்லை, மூஞ்சூறு. நீண்ட மூக்கும் மங்கிய கண்ணும் சுவரோரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தமுமாகப் போகும் அந்தப் பிராணி எலியின் இனமே அல்ல. கொறிக்கும் பற்கள் அதற்கு இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்று பிழைப்பது. ஒயருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நம் பிள்ளையாரின் காலடியில் உட்கார்ந்திருப்பது எலியா மூஞ்சூறா என்று பாட்டிகள் ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாகவே நினைத்து வளர்ந்தோம், இப்போது இரண்டையும் ஒன்றாகவே கொல்கிறோம். எங்கள் கட்டட வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். ஆயுத பூஜையன்று கார்களையெல்லாம் கழுவி, சந்தனப் பொட்டிட்டு, பானட்டின் மேல் வாழையிலை போட்டுப் பொரி, கடலை, வெல்லம், தேங்காய் மூடி படைக்கிறோம். மிகவும் அழகான நாள் அது; அந்த ஒரு நாள்தான் கட்டடத்தில் உள்ள எல்லாரும் தங்கள் வண்டிக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறோம். படைத்த பொரியில் கொஞ்சம் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள சந்தில் உருண்டு விழும், மாலைப் பூ உதிர்ந்து அதன்மேல் சேரும். அதன்பின் சில வாரங்களில் மழை பிடித்துக்கொள்கிறது. பூஜையை விட்டுவிடச் சொல்லவில்லை, எனக்கு அது வேண்டும். மறுநாள் காலை ஒரு பிரஷ்ஷோடு கீழே இறங்கி அந்தச் சந்தைத் துடைப்பதும் பூஜையில் சேர்த்திதான் என்று நினைக்கிறேன்.

"வண்டிய எடுங்க சார், ஓடுற வண்டியில எலி குடும்பம் நடத்தாது" என்பது மெக்கானிக்கின் வைத்தியம். அதை ஏற்க எனக்கு முழு மனம் வரவில்லை. எங்கும் போகவேண்டிய வேலையில்லாதபோது, எலிக்குச் சத்தம் காட்டுவதற்காகப் பெட்ரோல் எரித்து ஒரு சுற்றுச் சுற்றி வருவது சரியா? அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. தினமும் ஓடுகிற வண்டியையும் ஒரே ராத்திரியில் கடித்துப் போடுவதுண்டு. குடும்பம் நடத்தாது என்பதுதான் அவர் சொன்னது, எட்டிப் பார்க்காது என்று அவர் சொல்லவில்லை. இரவில் பானட்டைத் தூக்கிவைப்பது அதைவிட எளிது. மறைவு போய்விட்டால் அது அறையாக இருப்பதில்லை. பூட்டிய வளாகத்துக்குள் இதைப் பலர் செய்கிறார்கள். நிறுத்தும்போது ஏ.சி.யை உள்காற்று சுழலும் நிலையில் வைத்தால் பெரும்பாலான கார்களில் வெளிக்காற்று வாய் மூடிக்கொள்ளும், காருக்குள் வரும் ஒரு வழியாவது அடைபடும். இவற்றுக்கெல்லாம் காசு கிடையாது, ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் நினைவு வைத்துச் செய்யவேண்டும் என்பதைத் தவிர. இதற்கு நேர்மாறானது, தரை வரை கவர் போட்டு மூடி நிறுத்திவிட்டுப் போவது. வெளிநாட்டுக்குப் போனவர்களின் வண்டிகள் எங்கள் கட்டடத்தில் அப்படி நிற்கின்றன. தூசி படக்கூடாது என்ற அக்கறையில் போட்ட கவர், அடியில் இருக்கும் கடைசி வெளிச்சத்தையும் எடுத்துவிடுகிறது. எங்கள் வாட்ச்மேன் இரவுச் சுற்றில் ஒவ்வொரு வண்டியின் பானட்டையும் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டே போவார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "தட்டினா கீழ எறங்கி ஓடிடும் சார். மறுபடி வரும். மறுபடி தட்டணும்" என்றார். கவர் போட்ட வண்டிகளைக் கவரின் மேலேயே தட்டுகிறார். புட்டியிலும் பெட்டியிலும் அடைக்கப் பார்த்த ஆள், அசலாகவே அங்கே இருக்கிறார். நாம் வாங்கிய எந்தப் பொருளுக்கும் கொடுத்த நம்பிக்கையை அவர் கைக்குக் கொடுத்ததில்லை.

ஆள் இல்லாத இடம் என்று இவ்வளவு நேரம் எழுதிய கார் நிறுத்துமிடத்தில் உண்மையில் ஆட்கள் இருக்கிறார்கள். வாட்ச்மேனின் கட்டில் மீட்டர் போர்டுக்கு அடியில் இருக்கிறது. விடிவதற்குள் பக்கெட்டோடு வரும் வண்டி துடைக்கிற தம்பி வெறுங்காலோடு வருகிறார். மழைநாட்களில் அவர் நிற்கும் கணுக்கால் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கிறது. எலிக்காய்ச்சலின் லெப்டோஸ்பைரா கிருமி அப்படித்தான் பரவுகிறது, காலில் ஒரு சின்னச் சிராய்ப்பு இருந்தால் போதும், உள்ளே போய்விடும். சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கிச் சிலருக்குச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். ஒயர் போனால் காப்பீடு உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நானும் விசாரித்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் யார் நிற்கிறார் என்ற கேள்வி எங்கள் கட்டடக் கூட்டங்களில் எழுந்ததில்லை. அடுக்குமாடிச் சங்கம் இந்த முறை விஷக் கட்டி வாங்குவதாகத் தீர்மானிக்க இருந்தபோது அதற்கு எதிராக எழுதிக் கொடுத்தேன். குப்பைத் தொட்டிக்கு அழுத்தி மூடும் மூடி, வடிகால் வாய்களுக்குக் கால் இஞ்ச் இரும்பு வலை, தெர்மகோலையும் பழைய சைக்கிளையும் அப்புறப்படுத்துவது, கவர் போட்ட வண்டிகளின் சாவியைப் பெற்று வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பார்ப்பது, வண்டி துடைக்கிற தம்பிக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வாட்ச்மேன் கட்டிலை மாடிப்படிக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுவது. மூடிக்கும் வலைக்கும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அறையில் இப்போது பழைய நாற்காலிகளும் கொலு மரப்படியும் கிடக்கின்றன, அவற்றை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். பூட்ஸுக்கான பணத்தைப் பராமரிப்புக் கணக்கிலிருந்து எல்லாரிடமும் எடுப்பதா, கார் வைத்திருப்பவர்களிடம் மட்டும் வாங்குவதா என்பதில் பேச்சு நிற்கிறது. கார் வைத்திருப்பவர்கள்தான் தரவேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டம் மழைக்கு முன் நடந்தாக வேண்டும்.